சுக்கான் பிடிக்கும் காற்று

மலைநாட்டாருக்குக் காற்றைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. வைகாசி பிறந்து சில நாட்களில் தென்மேற்கிலிருந்து எழுந்து வந்து, ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா மலைகளை மழையாலும் மூடுபனியாலும் போர்த்திவிடுகிறது ஒரு காற்று. அதே காற்று முகடுகளைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்குகையில் ஈரத்தை இழந்து, வறண்ட கச்சானாக மாறி, ஆடி ஆவணியில் பறிக்கப்படும் பதுளைப் பக்கத்துக் கொழுந்துக்குத் தனி மணத்தை ஊட்டுகிறது. தை மாசியில் வடகிழக்குக் காற்று உலர்ந்து குளிர்ந்து வீசும்போது அந்தப் பேறு டிம்புள்ளைக்கும் நுவரெலியாவுக்கும் கிடைக்கிறது. தலையிலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் பெண்கள், முகத்தில் படும் காற்றைக் கொண்டே அன்றைய பகல் எப்படிப் போகும் என்று கணித்துவிடுவர். கடலிலே காற்று செய்த ஒரு விந்தையான ஊழியத்தின் வரலாறு, கடலைக் காணாத இம்மலைகளிலிருந்தே தொடங்கலாம்.

பட்டிப்பொலையைக் கடந்து அம்பேவலைக்குச் செல்லும் வழியில், மாடுகள் மேயும் புல்வெளிகளுக்கு நடுவே, இந்நூற்றாண்டில் நிறுவப்பட்ட காற்றாலைகள் நிற்கின்றன. காற்று திசை மாறும்போது அவற்றின் தலைகளும் மெல்லத் திரும்பி அதனை எதிர்கொள்ளும். அவற்றைத் திருப்புவதற்கு ஆள் எவரும் அங்கே நிற்பதில்லை. தலையின்மேல் பொருத்தப்பட்ட சிறு தகடொன்று காற்று வரும் திசையை அறிவிக்கிறது. ஒரு மோட்டார் அந்த அறிவிப்பை ஏற்றுப் பெரிய தலையைச் சுழற்றுகிறது. அறிவிப்பது ஒன்று, உழைப்பது வேறொன்று. இந்த ஏற்பாடு புதியதன்று. 1745ஆம் ஆண்டிலேயே எட்மண்ட் லீ என்னும் ஆங்கிலேயக் கொல்லர், மாவரைக்கும் காற்றாலையின் பின்புறத்தில் சிறு விசிறி ஒன்றைப் பொருத்தி, காற்று மாறுந்தோறும் ஆலை தானே திரும்பும் வகையைக் கண்டு காப்புரிமை பெற்றார். தரையிலே 18ஆம் நூற்றாண்டில் கைகூடிய இக்காரியம் கடலிலே கைகூட ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றன. பாய் விரித்து ஓடும் கலத்தின் சுக்கானை, மனிதன் உறங்கும்போது காற்றே பிடிக்கும்படி செய்வதே அந்தக் காரியம்.

ஏன் இத்தனை காலம் சென்றது என்பதற்கு விடை எளிது. கப்பல்களில் சுக்கான் பிடிக்க ஆட்கள் இருந்தனர். இம்மலைநாட்டு மக்களின் முன்னோர், கோப்பிக் காலத்திலே தொண்டி, அம்மாபட்டினம், தேவிபட்டினம் முதலிய துறைகளிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914இல் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கும் வரையில், தோணியில் ஏறியவர் உயிரெல்லாம் தண்டையலின் கண்ணிலும் சுக்கான் பிடித்தவன் கையிலுமே இருந்தது. அந்தக் கை சோர்ந்தால் அதனை மாற்ற வேறொரு கை அருகில் இருக்கும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் இரட்டைப் பாய்மரக் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். 1938இல் அது அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தபோதும், வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகளே முறை வைத்துச் சுக்கான் பிடித்தனர். நான்கு மணி நேரம் ஒருவர், அடுத்து மற்றொருவர். இப்படிப்பட்ட கப்பலுக்குத் தானியங்கிச் சுக்கான் எதற்கு?

தேவை பிறந்தது, தனியொருவனாகக் கடல் கடக்கத் துணிந்தவனுக்கு. அவனுக்கு முறை மாற்ற ஆளில்லை. இருபத்து நான்கு மணி நேரமும் சுக்கானைப் பிடித்திருக்க மனித உடலுக்கு இயலாது. கைவிட்டாலோ கலம் சுழன்று காற்றுக்கு முகம் கொடுத்து நின்றுவிடும், அல்லது பாய் திடீரென மறுபக்கம் அடித்து மரத்தை முறிக்கும். உலகை முதன்முதலில் தனியே சுற்றிவந்த யோசுவா ஸ்லோகம், 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு 1898 ஜூனில் நியூபோர்ட்டை அடைந்தவர். அவரிடம் தகடும் இல்லை, கருவியும் இல்லை. ‘ஸ்பிரே’ என்னும் அவருடைய படகின் ஏரா, அஃதாவது அடிமரம், நீண்டு நேராக இருந்தது. பாய்களை அளவறிந்து இழுத்துக் கட்டிச் சுக்கானையும் கட்டிவிட்டால், அது தன் போக்கில் வழி தவறாது ஓடும். 1897இல் ஆஸ்திரேலியாவின் வடமுனையை அடுத்த தேர்ஸ்டே தீவிலிருந்து இந்து சமுத்திரத்திலுள்ள கொக்கோஸ் தீவுவரை 2,700 மைல் தூரத்தை 23 நாளில் கடந்தபோது, தாம் சுக்கானைப் பிடித்தது மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேலில்லை என்று அவர் எழுதிவைத்தார். கேட்டவர் பலர் நம்பவில்லை. ஆனால் அங்கே வீசியது நாள்தோறும் ஒரே திசையில் வீசும் வாணிபக் காற்று என்பதை நினைவிற்கொண்டால் அது நம்பத்தக்கதே. காற்று மாறிமாறி வீசும் கடலிலும், நீண்ட ஏரா இல்லாத புதுமுறைப் படகிலும் இந்த உபாயம் செல்லாது.

இவ்விடத்தில் தேயிலை குறுக்கிடுகிறது. 1890இல் இலங்கைக்கு வந்து, அப்புத்தளையை அடுத்த தம்பேத்தன்னை முதலிய தோட்டங்களை வாங்கிய தாமஸ் லிப்டன், அத்தேயிலையை உலகெங்கும் விற்றுப் பெருஞ்செல்வரானார். அச்செல்வத்தின் ஒரு பகுதி ‘ஷாம்ராக்’ என்னும் பெயர்கொண்ட ஐந்து பந்தயப் படகுகளாக உருவெடுத்தது. அமெரிக்கக் கிண்ணத்தை வெல்லும் நோக்கத்துடன் 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஆண்டுகளில் அவர் ஐந்து முறை போட்டியிட்டார். ஐந்து முறையும் தோற்றார். தோல்வியைச் சிரித்த முகத்தோடு ஏற்ற பண்பாளர் என்று அமெரிக்கர் அவரைக் கொண்டாடினர். அந்தச் சிரிப்பின் செலவிலே தம்பேத்தன்னை லயங்களில் வாழ்ந்தோர் உழைப்பும் கலந்திருந்தது என்பதை அக்காலத்துப் பத்திரிகைகளில் எழுதினோர் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அது நிற்க. அந்தப் பெரும் படகுகள் ஒவ்வொன்றிலும் கயிறிழுக்கவும் பாய் மாற்றவும் இருபதுக்கு மேற்பட்ட கூலி மாலுமிகள் இருந்தனர். ஆள் வலிமைக்குக் குறைவில்லாத இடத்திலே ஆளின் வேலையைக் குறைக்கும் கருவி பிறப்பதில்லை. ‘ஐந்தாம் ஷாம்ராக்’ 1930இல் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள கோஸ்போர்ட் நகரில் கட்டப்பட்டது. சரியாக ஐந்தாண்டுகளுக்குப் பின், அதே கோஸ்போர்ட்டில், ஒரு குளத்தின் கரையிலே, கூலி மாலுமி ஒருவரும் ஏற முடியாத சிறு படகுகளின் பந்தயத்தில் இக்கதையின் நாயகன் அரங்கேறினான்.

அவை விளையாட்டுப் படகுகள். நுவரெலியாவிலே தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல், அமைக்கப்பட்ட கிரகரி வாவியின் கரையிலும் சிறுவர்கள் காகிதத்தோணி விடுவதுண்டு. இங்கிலாந்திலோ அது முதியவர்களும் ஈடுபட்ட தீவிரமான கலை. ஆளில்லாத படகு குளத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நேர்வழியே ஓட வேண்டும். ஆதலால் தானே இயங்கும் சுக்கானைத் தேடியே ஆகவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. முதலில் சுக்கானில் பாரம் கட்டிப் பார்த்தனர். பின்னர் பிரெயின் என்பவர் பாயின் கயிற்றையே சுக்கானோடு இணைக்கும் முறையைக் கண்டார். 1935இல் கோஸ்போர்ட் பந்தயத்துக்கு நார்வே நாட்டு சாம் பெர்கே கொண்டுவந்த படகின் பின்னணியத்தில், காற்றின் திசைக்கேற்பத் திரும்பி, அத்திருப்பத்தைச் சுக்கானுக்கு உணர்த்தும் மெல்லிய தகடு ஒன்று நின்றது. சில ஆண்டுகளுக்குள் விளையாட்டுப் படகுலகம் முழுவதும் அந்த வழிக்குத் திரும்பிவிட்டது.

அடுத்த ஆண்டிலேயே இந்த எண்ணம் சமுத்திரத்தில் இறங்கியது. பிரெஞ்சு ஓவியரான மாரின்-மாரி, 1936இல் ‘ஆரியல்’ என்னும் மோட்டார்ப் படகில் நியூயார்க்கிலிருந்து லெ ஆவ்ர் துறைமுகத்துக்குத் தனியே வந்தார். படகை ஓட்டியது இயந்திரம். அதற்கு வழி காட்டத் துணைநின்றது காற்றுத் தகடு. பாய்ப்படகுக்கென்று அமைந்த முறையொன்று முதலில் மோட்டார்ப் படகில் சமுத்திரம் கடந்தது சற்று வேடிக்கையே. பின்னர் போர் வந்தது. இத்தகைய ஆராய்ச்சிகள் நின்றன.

போர்க்காலத்தில் 1942இல் பிரான்சின் போர்தோ துறைமுகத்துக்குள் சிறு ஓடங்களில் இரகசியமாக நுழைந்து பகைவர் கப்பல்களுக்கு வெடி வைத்த படைத்தலைவர் ஹாஸ்லர், போருக்குப் பின் படகோட்டத்தில் ஆழ்ந்தார். தனியாள் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கிழக்கிலிருந்து மேற்காக, காற்றுக்கெதிராகக் கடக்கும் பந்தயம் ஒன்றை நடத்த வேண்டும் என்ற எண்ணத்தை எழுப்பியவரும் அவரே. 1960 ஜூனில் பிளிமத் துறையிலிருந்து அது தொடங்கியது. அரை கிரவுன் பந்தயம் கட்டிக்கொண்டு அதில் இறங்கியவர் பிரான்சிஸ் சிசெஸ்டர். அப்போது அவருக்கு வயது 58. வீரம் காட்டுவது ஹாஸ்லரின் முதல் நோக்கமன்று. தனி மனிதன் சமுத்திரம் கடக்க வேண்டுமானால் படகே தன்னைத் தான் நடத்த வேண்டும். பந்தயம் வந்தால் அதற்கான கருவி வரும் என்பது அவர் கணக்கு. கணக்குப் பொய்க்கவில்லை.

சிசெஸ்டர் லண்டனிலுள்ள கென்சிங்டன் பூங்காவின் குளக்கரைக்குச் சென்று, விளையாட்டுப் படகுகளின் தகடுகள் இயங்கும் விதத்தைக் கூர்ந்து நோக்கினார். அதன்பின் தமது படகின் பின்னணியத்தில் ஒரு சிறு பாய்மரத்தை நிறுத்தி, அதிலே ஒரு பாயையே தகடாகக் கட்டி, அதற்கு ‘மிராண்டா’ என்று பெண்பெயர் சூட்டினார். காற்று அப்பாயைத் தள்ளும். அப்பாய் கயிற்றின் வழியே சுக்கானை இழுக்கும். இது நேர்வழி முறை. ஆனால் சுக்கானை அசைக்கத் தேவையான வலிமை அனைத்தும் காற்றுத் தகட்டிலிருந்தே வர வேண்டியிருந்ததால், அத்தகடு மிகப் பெரிதாக இருந்தது. பெரிதானதால் புயலில் அதுவே ஒரு தொல்லையுமாயிற்று. ஹாஸ்லர் வேறு வழி கண்டார்.

அவ்வழியை விளக்கத் தேயிலைத் தொழிற்சாலையே தக்க உவமை. மின்சாரம் வராத காலத்தில் மலைத்தோட்டங்கள் பலவற்றில் ஓடை நீரைக் கால்வழியே கொண்டுவந்து, சக்கரத்தைச் சுழற்றி, அரைக்கும் இயந்திரங்களை ஓட்டினர். மடைப்பலகையைத் திறந்துவிட ஒரு சிறுவனின் கை போதும். ஆனால் அத்திறப்பினால் பாய்ந்த நீர், நூறு பேர் சேர்ந்தும் அசைக்க முடியாத இயந்திரத்தைச் சுழற்றும். ஹாஸ்லர் படகின் பின்புறத்தில் ஒரு துடுப்பைச் செங்குத்தாக நீருக்குள் தொங்கவிட்டார். காற்றுத் தகட்டின் வேலை அத்துடுப்பைச் சிறிதளவு முறுக்குவது மாத்திரமே. முறுக்கிய கணத்தில், படகு ஓடும் வேகத்தால் பின்னோக்கிப் பாயும் கடல்நீர் துடுப்பின் முகத்தில் மோதி, கடிகாரத்தின் ஊசற்குண்டுபோல் அதனை ஒருபக்கம் வீசித் தள்ளும். துடுப்பிலிருந்து கப்பிகள் வழியே வந்த இரு கயிறுகள் சுக்கான் பிடியை இழுக்கும். படகு தன் வழிக்குத் திரும்பியதும் தகடு நிமிரும், துடுப்பும் நேராகும். காற்று மடைப்பலகையைத் திறக்கும் சிறுவன், கடல்நீரே உழைப்பாளி. படகின் வேகம் கூடக் கூடத் துடுப்பின் வலிமையும் கூடும். கடுங்காற்றில் சுக்கான் கனக்கும் நேரத்தில்தான் அந்த வலிமை மிகவும் தேவைப்படுகிறது. 25 அடி நீளமுள்ள ‘ஜெஸ்டர்’ என்னும் படகில் 48 நாட்களில் நியூயார்க்கை அடைந்த ஹாஸ்லர், வழியெல்லாம் தம் கையால் சுக்கான் பிடித்தது ஏறத்தாழ ஒரு மணி நேரமே. சிசெஸ்டர் 40 நாட்களில் முதலாவதாக வந்து அரை கிரவுனை வென்றார். ஆயினும் பிற்காலப் படகோட்டிகள் பெரும்பாலோர் பின்பற்றியது, வென்றவரின் மிராண்டாவை அன்று; இரண்டாவதாக வந்தவரின் ஊசற்றுடுப்பையே.

மூன்றாவது முறையொன்றும் உண்டு. சுக்கானின் பின்விளிம்பிலே சிறு மடலொன்றைக் கீல்வைத்து மாட்டி, தகட்டால் அம்மடலை மட்டும் திருப்புவது அது. மடலில் மோதும் நீர் பெருஞ்சுக்கானை எதிர்ப்பக்கம் தள்ளும். சுக்கான் படகின் பின்னணியத்திலே வெளிப்புறமாகத் தொங்கினால் இதனைப் பொருத்துவது எளிது. படகின் அடியில் மறைந்திருந்தால் கடினம். ஒருவர் படகுக்கு ஏற்றது மற்றொருவர் படகுக்கு ஏலாது. பின்னணியம் எவ்வளவு நீண்டு சாய்ந்துள்ளது, சுக்கானைத் திருப்புவது பிடியா சக்கரமா, பாயின் அடியிலுள்ள குறுக்குமரம் பின்னால் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்ற கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே கருவியைத் தெரிய வேண்டும். சக்கரம் உள்ள படகில் கயிற்றைச் சக்கரத்தின் உருளையில் சுற்ற வேண்டியிருப்பதால், உராய்வில் வலிமையின் ஒரு பங்கு வீணாகும். கயிறு நீளுவதும் கூடாது. துடுப்பு தள்ளியும் கயிறு நீண்டு கொடுத்தால் சுக்கான் அசையாது நிற்கும்.

எல்லாவற்றினும் முதன்மையானது, கருவியை மாட்டுமுன் படகைச் சமன் செய்வது. பாய்கள் மிகையாக விரிக்கப்பட்டு, படகு எந்நேரமும் காற்றை நோக்கித் திரும்ப முனைந்துகொண்டிருந்தால், எந்தத் தகடும் அதனை அடக்காது. ஸ்லோகம் கருவியில்லாமல் செய்ததில் பாதியையாவது கருவி உள்ளவனும் செய்தாக வேண்டும். பின்காற்று மற்றொரு சோதனை. 12 கடல் மைல் வேகத்தில் காற்று பின்னிருந்து வீச, படகு 6 கடல் மைல் வேகத்தில் முன்னே ஓடினால், தகட்டின்மேல் படுவது 6 கடல் மைல் காற்று மாத்திரமே. காற்றோடு சேர்ந்து ஓடுகிறவன் காற்றை உணர்வதில்லை. இந்நிலையில் கனமான தகடு உறங்கிவிடும். இதற்குப் பரிகாரம் கண்டவர் பிரெஞ்சுக்காரரான மார்செல் ஜியானோலி. கொடிபோல் நின்று சுழலும் தகட்டுக்குப் பதிலாக, கிடையான அச்சில் பக்கவாட்டில் சாயும் தகட்டை அவர் அமைத்தார். காற்றின் சிறு மாற்றத்துக்கும் அது முழுமையாகச் சாய்ந்து வலிமை தந்தது. 1964இல் நடந்த அடுத்த அத்திலாந்திக் பந்தயத்தில் எரிக் தபார்லி இவ்வகைத் தகட்டோடு புறப்பட்டார். எட்டு நாட்களிலே அது முறிந்தது. எஞ்சிய வழியெல்லாம் தம் கையாலேயே ஓட்டி 27 நாட்களில் வென்றார் அவர். கருவியின் வரலாற்றில் அதன் தோல்வியே பெரும் புகழுக்குக் காரணமான விசித்திரம் இது.

காற்றுத் தகட்டுக்கு ஓர் இயல்பான குறை உண்டு. அதனைத் திருத்த இயலாது. அது திசைகாட்டியை அறியாது. காற்றை மட்டுமே அறியும். காற்று திசை மாறினால் படகும் அதனோடு மாறிச் சென்றுவிடும். கண்ணும் அதற்கில்லை. எதிரே கப்பல் வருவதையோ பாறை கிடப்பதையோ அது சொல்லாது. ஆதலால் தனியோட்டிகள் முழு இரவு உறங்குவதில்லை. சிறிது உறங்கி, எழுந்து, அடிவானத்தைச் சுற்றிப் பார்த்து, திசைகாட்டியை நோக்கி, மறுபடி உறங்குவர்.

இனி இந்தியாவுக்கு வரலாம். 1963இல் பம்பாயின் கொலாபாவிலுள்ள பட்டறையொன்றில் 32 அடிப் படகொன்றுக்கு ஏரா வைக்கப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா கப்பற் கம்பனியில் அதிகாரியாயிருந்த இளைஞர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதன் சொந்தக்காரர். தேக்கு மரத்தை வாய்ச்சியால் செதுக்கி, வில்லால் சுழற்றும் துளைப்பானால் துளையிட்டு, இந்தியத் தச்சர்கள் அதனைக் கட்டினர். அராபிய மாலுமிகள் தென்கிழக்குக் காற்றுக்கு இட்ட பெயராகிய ‘சுஹைலி’ அதற்குப் பெயராயிற்று. 1965இன் இறுதியில் பம்பாயை விட்டு, ஆபிரிக்காவின் தென்முனை வழியாக 1967இல் இங்கிலாந்தை அடைந்தபோது படகில் துணைவர் இருந்தனர். முறை வைத்துச் சுக்கான் பிடித்தனர். 1968இல் எங்கும் நில்லாது உலகைத் தனியே சுற்றும் முதற்பந்தயம் அறிவிக்கப்பட்டதும் நிலைமை மாறியது.

சுஹைலியில் தகட்டைப் பொருத்துவது எளிதாயில்லை. அதன் பின்பாய்மரத்தின் குறுக்குமரம் பின்னணியத்துக்கு அப்பாலும் நீண்டிருந்தது. நடுவே தகடு வைத்தால், பாய் மாறுந்தோறும் அம்மரம் அதனை அடித்து வீழ்த்தும். ஆகவே நாக்ஸ்-ஜான்ஸ்டன் இருபுறமும் இரும்புக் குழாய்ச் சட்டங்களை நீட்டி, இடப்புறத்தில் ஒன்றும் வலப்புறத்தில் ஒன்றுமாக இரு தகடுகளை நிறுத்தி, அவற்றைத் தனியான ஒரு சிறு சுக்கானோடு இணைத்தார். பார்ப்பதற்கு அழகற்றதே, எனினும் ஏழைப் படகோட்டி தம் கைப்பொருளுக்குள் செய்துகொண்டது. 1968 ஜூன் 14இல் பால்மத் துறையிலிருந்து புறப்பட்ட படகைத் தென்சமுத்திரத்தின் அலைகள் செப்டெம்பரில் புரட்டின. சட்டங்கள் வளைந்தன. பழுது பார்த்தார், மறுபடி முறிந்தது. ஆஸ்திரேலியாவின் தென்கரையை அண்மிய வேளையில் அக்கருவி மீட்க முடியாதபடி போய்விட்டது. பாதி உலகம் இன்னும் மீதியிருந்தது.

திரும்பிவிடுவதே அறிவுடைமை என்று பிறர் கருதியிருப்பர். அவரோ ஸ்லோகத்தின் பழைய வழிக்குத் திரும்பினார். பாய்களை ஒன்றுக்கொன்று எடைபோட்டுக் கட்டி, சுக்கான் பிடியைக் கயிற்றால் பிணைத்து, சுஹைலி தன் போக்கில் ஓடும்படி செய்தார். அந்தப் படகின் நீண்ட ஏராவும், கனத்த தேக்குடலும், மெல்லச் செல்லும் இயல்பும் இப்போது வரமாயின. வேகத்துக்கெனக் கட்டப்பட்ட இலேசான படகு இதற்கு இசைந்திராது. அதே பந்தயத்தில் மூன்றுடற்படகில் சென்ற டொனால்ட் குரோஹர்ஸ்ட், தமது தகட்டுக் கருவியின் திருகாணிகள் அதிர்வினால் ஒவ்வொன்றாகக் கழன்று கடலில் விழுவதைப் பயணத்தின் தொடக்கத்திலேயே கண்டார். மாற்றுத் திருகாணிகள் அவரிடம் இல்லை. அவருடைய துயர முடிவுக்குக் காரணங்கள் வேறு பல. 312 நாட்களுக்குப் பின், 1969 ஏப்ரல் 22இல், சுஹைலி பால்மத்துக்கு மீண்டது. புறப்பட்ட ஒன்பது பேரில் பந்தயத்தை முடித்தவர் அவர் ஒருவரே.

பின்வந்த காலத்தில் மின்சாரத்தால் இயங்கும் சுக்கான் கருவிகளும், வானத்துக் கோள்களால் இடமறியும் முறைகளும் பரவின. தகடு பழங்காலப் பொருளாகிவிடும் என்று எண்ணியோர் உண்டு. ஆனால் அதற்கு மின்கலம் வேண்டா. காற்று மிகும்போது அது சோர்வதற்குப் பதில் வலுப்பெறும். ஆகவே நெடுந்தூரம் செல்வோர் அதனைக் கைவிடவில்லை. முதற்பந்தயத்தின் பொன்விழாவாக 2018இல் அதே பந்தயம் மீண்டும் நடத்தப்பட்டது. 1968இல் கிடைத்த சாதனங்களே அனுமதிக்கப்படும் என்பது விதி. மின்சாரச் சுக்கான் இல்லை. காற்றுத் தகடே துணை. இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, கோவாவில் சுஹைலியின் மறுபடிவமாகக் கட்டப்பட்ட ‘துரியா’வில் புறப்பட்டார். எங்கும் நில்லாது உலகைத் தனியே சுற்றிய முதல் இந்தியராக, 2013இலேயே பெயர் பெற்றிருந்தவர் அவர்.

2018 செப்டெம்பர் 21இல் இந்து சமுத்திரத்தின் தென்பகுதியில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு ஏறத்தாழ 1,900 கடல் மைல் மேற்கே, கடும்புயல் துரியாவைப் புரட்டியது. பாய்மரம் முறிந்தது. அபிலாஷின் முதுகெலும்பு உடைந்தது. காற்றுக்குக் கலத்தை நடத்தும் தகடு அந்நிலையில் எதற்கும் உதவாது. பாயில்லாத படகுக்கு வழி ஏது? எழ முடியாமல் மூன்று நாட்கள் படுக்கையில் கிடந்தவரை, 24ஆம் நாள் ‘ஒசிரிஸ்’ என்னும் பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. முதுகெலும்பில் சத்திர சிகிச்சை நடந்தது.

நான்காண்டு கழிந்தது. 2022 செப்டெம்பர் 4இல், பிரான்சின் லெ சாப்ல் தொலோன் துறையிலிருந்து, ‘பயானாத்’ என்னும் படகில் அதே பந்தயத்துக்கு அவர் மறுபடியும் புறப்பட்டார். இம்முறை தகட்டுக் கருவியே பெரும் சோதனையாயிற்று. உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதுபட்டன. மாற்றுப் பலகைகள் தீர்ந்த பின், படகின் கழிப்பறைக் கதவை அறுத்து, அதைக்கொண்டு கருவியைச் செப்பனிட்டார். முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஆங்கிலேயர் சைமன் கர்வெனுக்கு அந்த வாய்ப்பும் இல்லாது போயிற்று. தென்னமெரிக்காவின் முனையை நெருங்கிய வேளையில் அவருடைய தகட்டுக் கருவியின் முக்கிய உறுப்பொன்று முறிந்தது. கடலில் அதனைச் சீர்செய்ய வழியின்றி, சிலி நாட்டுத் துறையில் ஒதுங்கினார். ஒதுங்கியவர் விதிப்படி முதல் வரிசையிலிருந்து நீக்கப்பட்டார். பழுதைத் தீர்த்துப் புறப்பட்டு, 2023 ஏப்ரல் 27இல் எல்லாருக்கும் முன்பாகவே அவர் துறையை அடைந்தார். ஆயினும் வெற்றி அன்றிரவு வந்து சேர்ந்த தென்னாபிரிக்கப் பெண்மணி கிர்ஸ்டன் நொய்ஷேஃபருக்கே உரியதாயிற்று. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 29இல், 236 நாட்கள் கடலில் கழித்த அபிலாஷ் டோமி இரண்டாவதாகக் கரை சேர்ந்தார்.